நூல் கட்டிய ஐஸ்

"ஒண்ணே ஒண்ணு, இபு! காசு வேணும்னாலும் வாங்கிக்கோங்க!"

"தொடாதே! அதுல கை வெச்சே, இன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்பு!"

லாரஸ் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஒரு பொட்டலம் ஐஸுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் சட்டம் படிக்கும் அவளும் அவள் தோழி டியானும் தங்கியிருப்பது வீட்டுக்கார அம்மா இபு சுமியாதியின் மாடி அறையில். கீழே சமையற்கட்டு பொது. அதிலிருக்கும் ஃப்ரிட்ஜும் பொது. வில்லங்கமே அந்த ஃப்ரிட்ஜில்தான்.

கீழ்த்தட்டில் குளிரே இல்லை. டியானின் டெம்பே சோயாக்கட்டி கறுத்துப்போனது. லாரஸின் அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ஓப்போர் கோழிக்குழம்பு, மூடியைத் திறந்ததுமே ஊசிப்போய் நாறியது. மேலே ஃப்ரீசரில் மட்டும் வெள்ளை வெளேரென்று கையடக்கப் பொட்டலங்கள், மூச்சு முட்டத் திணித்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கலர் நூல்.

"தேங்காய்ப்பால் ஐஸ்தான்டி. எங்க சித்தி இப்படித்தான் செஞ்சு விப்பாங்க" என்றாள் டியான். "சிவப்பு நூல் பலாப்பழமா இருக்கும். மஞ்சள் டுரியான்."

"வியாபாரம் அவங்களுக்கு, ஊசிப்போன சோறு நமக்கா? வாடகையில ஃப்ரிட்ஜும் சேர்த்திதானே? அப்ப இது அநியாயம் இல்லாம என்ன?"

சும்மா சந்தேகமில்லை. மத்தியானமானால் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியே துணிப்பையோடு வருவதை லாரஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சரக்கு எடுக்க வருகிறார்கள்! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஃப்ரிட்ஜுக்கு வயசாச்சும்மா" என்று இபு மழுப்பினாள்.

அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று மெக்கானிக் தர்மோவை லாரஸே அழைத்து வந்தாள்.

தர்மோ ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தினார். பின்பக்கத் தூசியைத் தட்டினார். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை.

"ரப்பர் நல்லாத்தான் கவ்வுது. கம்ப்ரசர் ஓடுது. ஃபேனும் சுத்துது." ஃப்ரீசரைத் திறந்தவர் சிரித்துவிட்டார். "ஐயோ இபு, குளிர் கீழே இறங்குற ஓட்டையையே அடைச்சுட்டீங்களே! பாதியை வெளியே எடுங்க. இப்படியே விட்டா உள்ளே ஐஸ் கட்டிக்கிட்டு மேலேயும் குளிர் நின்னுடும். அப்புறம் எல்லாமே தண்ணிதான்."

இபுவின் முகம் வெளிறிவிட்டது. "பாதியா? முடியாது தம்பி. ஒண்ணைக்கூட எடுக்க முடியாது."

லாரஸுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் எடுக்கிறேன், பாருங்க!" கைகொள்ளும் மட்டும் பொட்டலங்களை அள்ளி மேஜையில் போட்டாள்.

"ஐயோ, உருகிடும்டி!" இபு பாய்ந்து வந்து அத்தனையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உருகினா திரும்ப உறைய வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கும்!"

"எந்தப் பிள்ளை?"

பின்வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தெருமுனையில் பக்ஸோ சூப் வண்டி போடும் ரோஹிம். மார்பில் தூளி கட்டி, அதில் கைக்குழந்தை. அவன் மனைவி பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள் என்று லாரஸும் கேள்விப்பட்டு, 'அய்யோ பாவம்' என்று சொல்லியிருந்தாள். சொன்னதோடு சரி.

"இபு, இன்னைக்குப் பால்..." என்றவன், கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்றான்.

லாரஸ் இபுவின் கையிலிருந்த பொட்டலங்களைப் பார்த்தாள். தேங்காய்ப்பால் இல்லை.

"மாவுப்பால் இவனுக்கு ஒத்துக்கலம்மா" என்றாள் இபு மெதுவாக. "குடிச்சா வயித்தால போகுது. தெருவுல பால் கொடுக்கிற தாய்ங்க எல்லாரும் அவங்கவங்க பிள்ளைக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பிழிஞ்சு கொண்டாந்து தர்றாங்க. அவங்க வீட்ல ஏது ஃப்ரிட்ஜு?"

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உன் கோழிக்குழம்புக்குப் பக்கத்துல இதையான்னு நீ மூக்கைச் சுளிச்சுட்டா? வேற எங்கே கொண்டுபோய் வைப்பேன்?"

லாரஸ் நிச்சயம் சுளித்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

"அப்ப இந்த நூலு?" என்றாள் டியான்.

"யார் பாலுன்னு தெரியணும்ல? நம்ம மார்க்கத்துல ஒரு தாய்கிட்டக் குடிச்சு வளர்ந்தா அவ பிள்ளைங்க கூடப்பிறந்தவங்க ஆயிடுவாங்களே. நாளைக்கு இவனுக்கு யார் யார் உறவுன்னு நாமதானே சொல்லணும்? சிவப்பு நூல் யூயுன். மஞ்சள் முர்னி. நீலம் அந்தத் தையக்காரப் பொண்ணு..."

சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஊதா, ஆரஞ்சு... லாரஸின் கண் ஃப்ரீசரின் அடி ஆழம்வரை போனது. இத்தனை அம்மாக்களா! தினம் இந்தக் கதவைத் திறந்து, இதன் முன்னால் நின்றல்லவா அவள் சண்டை போட்டிருக்கிறாள்!

"என் கடையில ஒரு பழைய ஃப்ரீசர் சும்மா கிடக்கு" என்றார் தர்மோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதோ தூக்கிட்டு வந்துடறேன்."

அது வரும்வரை பொட்டலங்களை ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் வாங்கி வந்து, அதற்குள் அடுக்கியது லாரஸ்தான். டியான் அதற்குள் குழந்தையைத் தூளியிலிருந்து வாங்கியிருந்தாள்.

"அடேயப்பா, என்ன கன்னம்! பெரியவனாகட்டும், இந்தத் தெருப் பொண்ணுங்க வரிசையில நிக்கப்போறாங்க!"

"ம்க்கும், அதான் நடக்காது" என்றாள் இபு, ஒரு பொட்டலத்தில் நூலை இறுக்கியபடி. "இவனுக்கு வேற ஊர்லதான் பொண்ணு தேடணும். இந்தத் தெருவுல எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், திறக்கிறது இவன் கூடப்பிறந்தவளா இருப்பா!"