நகராத வள்ளங்கள்

ஷெர்லின் அறைந்ததில் ரதீஷின் உதடு கிழிந்து எரிகிறது. புயலில் அண்ணனைக் கடலுக்குக் கொடுத்த இனயம் கடற்கரை ஊர்க்காரி அவள். ஆய்வகத் திரையில் அவன் அமைத்த வயர்லெஸ் கணினி மாதிரியில் மீன்பிடி வள்ளங்கள் பச்சைப் புள்ளிகளாக அசையாமல் நிற்கின்றன. கரை நிலையப் புள்ளியிலிருந்து புயல் எச்சரிக்கை அத்தனைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. "நாளைக்கு அதிகாரிகளுக்குக் காட்டணும். நகர விட்டா பாதி வள்ளத்துக்குச் செய்தி கிட்டாது மக்கா" என்கிறான் ரதீஷ். "கடல்ல வள்ளம் நட்டு வச்சதுபோலயா நிக்கும், ஏலே?" ஷெர்லின் பிடரியைப் பிடித்து அவன் முகத்தைத் திரையோடு அழுத்துகிறாள், மறுகையால் மாதிரியில் காற்றையும் அலையையும் கூட்டி ஓட விடுகிறாள். கண்ணுக்கு நேராகப் புள்ளிகள் சிதறி, செய்தி எட்டாமல் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. திரைக் கண்ணாடியில் அவன் ரத்தம் வழிகிறது. கரைப் புள்ளி மட்டும் பச்சையாக, கேட்க ஆளில்லாத கடலுக்கு எச்சரிக்கையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.