இருநூறாவது கைரேகை

நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மட்டும் இருக்கும் நோயை ஆராய அரசு நிதி தராது. இருநூறு நோயாளிகளாவது உயிரோடு இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ஒவ்வொருவரும் உயிர்ச்சான்றுக் கருவியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். சூடில்லாத விரலை அது ஏற்காது. ஒரு ஆள் குறைந்தாலும் ஆய்வகத்துக்கும், அதில் நான் உழைத்த பதினான்கு வருடத்துக்கும் பூட்டு.

எங்களிடம் சரியாக இருநூறு பேர். கடைசி நாள் காலையில் பத்து வயது ரீகன் ஒருவன்தான் பாக்கி. நான் கருவியோடு கிளம்பும்போது அவன் அம்மா பிலோமினா போன் செய்தார்.

"டாக்டரம்மா, பையன் போயிட்டான். இப்பத்தான்."

கையிலிருந்த கருவியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

"கருவிய எடுத்துட்டு ஓடி வாங்க. யார்கிட்டயும் சொல்லல. அழுதா அக்கம்பக்கம் கூடிரும்."

"என்ன சொல்றீங்க, பிலோமினா?"

"அவன் கையப் பொத்தி வச்சிருக்கேன், இன்னும் சூடு இருக்கு. சின்னவளுக்கும் இதே நோய்தானே டாக்டரம்மா?"

போனேன். கதவைச் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைத்திருந்தார். மகனின் கட்டைவிரலை முந்தானையால் துடைத்து, அவரே கருவியில் அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் பிலோமினா வாய்விட்டு அழுதார்.