சகலை தடுத்த வகுப்பு

சகலையின் புதுக் காரைப் பார்த்த நாளிலிருந்து துணிக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. பங்குச்சந்தைக் காசாம்.

"நாற்பதாயிரம் கட்டி ட்ரேடிங் வகுப்புல சேரலாம்னு இருக்கேன் சகலை. பிரயோஜனப்படுமா?"

"வேண்டாம் சகலை. அந்தக் காசுக்குக் கடையில சரக்கு போடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினார்.

"நான் மேல வந்துடுவேன்னு உன் அக்கா வீட்டுக்காரருக்குப் பொறாமை. கடையில ஒருத்தி இன்னொருத்திகிட்ட 'இந்தத் துணி வேண்டாம்'னு சொன்னா, மறுநாள் சொன்னவளே வந்து அதை வாங்கிட்டுப் போவா. இருபது வருஷமா பார்க்கறேன்."

மறுநாளே வகுப்பு நடத்துபவர்களிடம் பேரம் பேசி ஃபீஸில் ஐயாயிரம் குறைத்தார். குறைத்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். சந்தோஷமாகக் கட்டினார்.

முதல் நாள் முன்வரிசையில் இடம் பிடித்தார். மைக்கோடு உள்ளே வந்த ஆசிரியர் அவரைப் பார்த்ததும் மைக்கை அணைத்தார். சகலை.

இடைவேளையில் ஓரமாக அழைத்துப் போனார்.

"சந்தையில நான் விட்டதுதான் அதிகம். கார் இந்த வகுப்பு ஃபீஸ்ல வந்தது. சொந்தக்காரர் காசு வேண்டாமேன்னுதான் அன்னிக்குத் தடுத்தேன்."

துணிக்கடைக்காரர் நிரம்பி வழிந்த கூடத்தை ஒருமுறை பார்த்தார்.

"அதை விடுங்க சகலை. இந்த மாதிரி வகுப்பு எடுக்கக் கத்துக்க எவ்வளவு ஆகும்?"