உப்புக் காது

புறாத்தீவின் கரையில், கணுக்கால் தண்ணீரில் விஜயகலா நிற்கிறாள். கையில் அக்கா மகளின் துணிக்கரடி. காய்ச்சலால் வர முடியாத சிறுமி தனக்குப் பதிலாக அதை அனுப்பியிருக்கிறாள். கஹவத்தையிலிருந்து வரும் வழியெல்லாம் சோதனைச்சாவடிகளில் வயிறு அமுக்கிப் பார்க்கப்பட்ட கரடியின் நெற்றியில் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருநீறு இன்னும் இருக்கிறது. "கடல்ல எறக்குனேன்னு சொன்னா நம்பமாட்டாடி. நக்கிப் பாப்பேன்னிருக்கா" என்கிறாள் விஜயகலா. கூட்டாளி ஷாமிளா சிரிக்கிறாள். "முழுசா நனைச்சா நம்ம ஊரு மழையில காயாதுடி. அடுப்புக்கு மேல தொங்கவிடணும். அப்புறம் கடலாவது கிடலாவது, பொக மணந்தான்." விஜயகலா இடது காதை மட்டும் அலையில் தோய்க்கிறாள். அது வெயிலில் உலரும்வரை பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு காதைத் தன் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். எழுந்து போய் இன்னொரு முறை தோய்க்கிறாள்.