பெட்டிக்கு ஓர் இடம்

"நிக்கும்போது வாயைத் திறக்கும். ஓடும்போது வாயை மூடிக்கும். அது என்ன?"

ஆறு வயது மகள் போட்ட விடுகதை, சுரங்க ரயிலின் கடைசி கோச் முழுக்கக் கேட்டது.

"முதலை!" என்றார் எதிர் இருக்கையிலிருந்த மீசைக்காரர்.

"தப்பு! முதலை ஓடும்போதும் வாயைத் திறக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தியைத் தவிர. அந்தப் பெண்மணி, பக்கத்து இடத்தில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை உட்கார வைத்து, அதன்மேல் ஒரு கையையும் வைத்திருந்தாள்.

அம்மாவின் ஒரு கை, கைக்குழந்தை தூங்கும் தள்ளுவண்டியில். மறு கை மகளின் சட்டைக் காலரில்.

"அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? பொண்ணு உக்காருவா."

"மடியில வெச்சா ஆடும்," என்றாள் பெட்டிக்காரம்மா. "நிக்கட்டும். சின்னக் காலுக்கு வலிக்காது. சத்தத்தை மட்டும் குறைச்சுக்கச் சொல்லுங்க."

மீசைக்காரர் உச்சுக் கொட்டினார்.

"பெட்டிக்கும் டிக்கெட் எடுத்திருக்காங்க போல! பாவம், குழந்தை. ஜனங்களுக்கு ஈவிரக்கமே இல்லாமப் போச்சுங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, மகளின் கன்னத்தைத் தட்டினார். அம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. மகளின் காதோரம் குனிந்தாள்.

"பாத்தியா? தனியா மாட்டிக்கிட்டா யார்கிட்ட உதவி கேக்கணும்?"

"சிரிச்ச முகமா இருக்கறவங்ககிட்ட."

"அப்புறம்?"

"நின்ன இடத்தை விட்டு அசையக் கூடாது."

"யார் கூப்பிட்டாலும்?"

"அசையவே கூடாது!"

ரயில் ஏறும்போதெல்லாம் ஒப்பிக்கும் பாடம் அது.

வண்டி மாற வேண்டிய ஸ்டேஷன் வந்தது. அம்மா தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இறக்கினாள். அப்படியும் முன்சக்கரம் இடுக்கில் மாட்டியது. குனிந்து அதை விடுவித்தாள்.

"வா குட்டி, சீக்கிரம்!"

வாசல்வரை வந்த மகள், ஏதோ மறந்தவள்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். விடுகதைக்கு விடை சொல்லவில்லையே!

"ரயில் கதவு!" என்று கத்தினாள்.

கதவு மூடிக்கொண்டது.

அம்மா கண்ணாடியில் அறைந்தாள். ரயில் நகர்ந்தது. கம்பியைக் கட்டிக்கொண்ட மகளும், எழுந்து நின்ற மீசைக்காரரும் ஒரு கணம் தெரிந்தார்கள்.

'நல்லவேளை, அவர் இருக்கார்.'

அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேஷன் ஊழியரிடம் ஓடினாள். அவர் அடுத்த ஸ்டேஷனுக்கு போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"பொண்ணு இறங்க மாட்டேங்குதாம்மா. கம்பியை விட மாட்டேங்குது. 'அம்மா அசையக் கூடாதுன்னு சொன்னாங்க'ன்னு ஒரே கத்தலாம்."

நின்ற இடமே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அம்மா சொல்லிக் கொடுக்கவே இல்லை.

"பயப்படாதீங்க. கடைசி ஸ்டேஷன் போயிட்டு இதே வண்டி திரும்பி வரும். கூட ஒருத்தர் துணைக்கு இருக்காங்களாம்."

"மீசை வெச்சவர்தானே?"

"அதெல்லாம் சொல்லலம்மா. எதிர் பிளாட்பாரத்துக்கு வாங்க. அங்க இல்ல, இந்தக் கோடிக்கு! போறப்ப கடைசி கோச், திரும்பறப்ப அதுதானே முதல் கோச்."

தள்ளுவண்டியோடு ஓடினாள். கைக்குழந்தை விழித்து அழுதது. அதோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது.

அதே கம்பி. அதைக் கட்டிப் பிடித்தபடி மகள். ஆனால் நிற்கவில்லை. அட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி ஒரு பக்கமாக நசுங்கி, ஓரத்தில் வெள்ளைக் கிரீம் பிதுங்கிக் கிடந்தது.

பக்கத்தில், வெறுந்தரையில் பெட்டிக்காரம்மா.

"அம்மா! நான் அசையவே இல்ல!" மகள் பாய்ந்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "கடைசி ஸ்டேஷன்ல எல்லாரும் இறங்கணும்னு சொன்ன கார்டு மாமாவை இவங்க திட்டிட்டாங்க!"

பெட்டிக்காரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெட்டியோடு இறங்கினாள்.

"நல்லா வளத்திருக்கீங்க பொண்ணை! சீட்டுல வந்து உக்காருடின்னா மாட்டேங்கறா. கால் வலிக்குதுன்னு அழ மட்டும் தெரியுது. சீட்டுகிட்ட அவ வரல. அதான் சீட்டை அவகிட்ட கொண்டு போனேன்."

"ஐயோ... கேக்கா?"

"ஆர்டர் கேக். மூணு அடுக்கு. இப்ப ஒரே அடுக்கு."

அம்மா கோச்சுக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்த... மீசைக்காரர்?"

"அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிட்டார். 'பாவம், குழந்தை. யாராவது பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு."

"உங்க வேலை கெட்டுப்போச்சே..."

"வீட்டுக்குப் போய் இன்னொண்ணு சுட்டுக்கறேன். சாயங்காலம்தானே விருந்து." முறைப்பு மட்டும் மாறவில்லை. "எந்த வண்டி உங்களுக்கு? அதுவா? எனக்கும் அதுதான். அந்தச் சக்கரத்தைப் பாத்து ஏத்துங்க."

அடுத்த ரயிலில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. ஒன்று, "வா பாப்பா, இங்க உக்காரு" என்று வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டவர் பக்கத்தில். இன்னொன்று, நசுங்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில்.

அம்மா எந்தப் பாடமும் சொல்லவில்லை.

மகள் பெட்டிக்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.