இடுப்புயர ஜன்னல்

"அடக் கடவுளே! ஜன்னலைக் கொண்டுபோய் எங்கே வெச்சிருக்கா பாருங்கய்யா!"

போன வாரமும் இதே இடத்தில் நின்று இப்படித்தான் அலறினார் ஹெட்மாஸ்டர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றாலும், தேவாலயக் கட்டடக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

கோபுரம் இல்லை. வளைவு இல்லை. பூச்சுகூட இல்லாத வெறும் கான்கிரீட். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாயிற்று. ஆனால் பீடத்துக்குப் பின்சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக ஓடும் அந்தக் கண்ணாடியை மட்டும் அவரால் சகிக்கவே முடியவில்லை.

"ஏம்மா, எட்டிப் பார்த்தா வெறும் புல்லுதான் தெரியுது. ஆடு மாடு பார்க்கவா இந்த ஜன்னல்?"

கட்டடத்தை வடிவமைத்த பெண் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

"என் ஸ்கூலா இருந்தா உன்னை முட்டி போட வெச்சிருப்பேன்! கொத்தனார், இதை இன்னைக்கே செங்கல் வெச்சு அடைச்சிடுங்க. கமிட்டி முடிவு."

"சரிங்கய்யா. எதுவரைக்கும்னு குறிச்சுக் கொடுத்துடுங்க."

ஹெட்மாஸ்டர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். கோடு போடுகிற வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. நின்றபடி போட்டால் கோணும். வேட்டியை மடித்துக்கொண்டு மெல்லத் தரையில் மண்டியிட்டார்.

சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் கல்லறைத் தோட்டம். நேர் எதிரே, மூன்றாவது வரிசையில், அவர் மனைவியின் கல்லறை. கல்லில் செதுக்கிய பெயர்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

எழுந்தார். புல்தான் தெரிந்தது. மறுபடி மண்டியிட்டார். அவள் இருந்தாள்.

"ஐயா, அடைச்சிடலாங்களா?" என்றார் கொத்தனார்.

"கையை வெச்சே, தொலைச்சிடுவேன்!" அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "இதை ஏம்மா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லல?"

"தேவாலயம்தானே, சொல்லாமலே தெரிஞ்சுடும்னு நினைச்சேன் சார். ஒரு மாசமா கமிட்டி வாராவாரம் வந்து பார்த்துட்டுப் போச்சு..." அவள் தயங்கினாள். "உங்கள்ல முட்டி போட்ட முதல் ஆள் நீங்கதான். அதுவும் ஜன்னலை அடைக்க."