அடி பட்டால் விழ வேண்டும்

லோவெல் தலைக்கவசத்தை மூன்றாவது தடவையாகத் துடைத்தார். மறுநாள் காலை, பழங்காலப் போரை நடித்துக் காட்டும் விழா. அவருடைய ஹாஸ்கின்ஸ் குடும்பம் அதற்குப் போவது முதல் தடவை.

"நடுவர் கிடையாது, பெர்னிஸ். அடி பட்டா, பட்டவங்களே ஒத்துக்கிட்டு விழணும். விழாம நின்னா ஊரே காறித் துப்பும்."

"பிரம்பு வாள்தானே? வலிக்கவா போகுது?" மரத்தட்டுகளைக் கூடையில் அடுக்கினாள் மனைவி பெர்னிஸ்.

"அதான் பயமே. லேசாப் பட்டாலும் விழணும். எங்கப்பா கட்டிக் காத்த பேரு, நாளைக்குக் கெட்டுடக் கூடாது."

"இந்த வீட்டுல தப்பை ஒத்துக்கிற பழக்கமே கிடையாதே. நாளைக்கு மட்டும் எப்படி வரும்?" அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் களத்தில், எதிராளியின் வாள் ஹாஸ்கின்ஸ் குடும்பக் கொடி குத்திய தோளை மெல்ல உரசியது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவசம் அணிந்த உருவம் ஒரு கணம் தயங்கியது. பிறகு, "நல்ல அடி!" என்று கத்திக்கொண்டே புல்லில் தடாலென்று விழுந்தது.

வேலியோரம் நின்ற லோவெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

புல்லில் கிடந்தபடியே தன் தலைக்கவசத்தைக் கழற்றினாள் பெர்னிஸ். "உங்கப்பா பேரைக் காப்பாத்திட்டேன். போதுமா?"

நாற்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.